ஏழாவது வீடு

ஐயம்பேட்டை,
புரட்டாசி மூன்றாம் சனி கழிந்த புதன்கிழமை.

அன்புள்ள ஆயாவுக்குப் பேரன் குமரகுரு வணக்கத்துடன் எழுதுவது.

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போன் செய்தால் துளசி அத்தைதான் எடுக்கிறாள். ஆயா ஏரிக்கரைப் பக்கம் போயிருக்குது, ஆயா குளிச்சிக்கினு இருக்குது என்கிறாள். எந்த மனுஷியும் பத்து நாளாகக் குளித்துக்கொண்டே இருக்க முடியாது. அதனால்தான் கடிதம். நீ எழுத்துக் கூட்டிப் படிப்பாய் என்று பெரிதாக எழுதுகிறேன். கோணலாக இருக்கும். வலது கை இன்னும் முழுசாகப் படியவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. மோட்டாரில் கெபாசிட்டர் போயிருந்தது, மாற்றிவிட்டேன். நீ பிரஷர் மாத்திரையை இங்கேயே விட்டுப் போய்விட்டாய். பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன், அத்தை வாங்கிக்கொண்டாளாம். காலையில் சாப்பிட்ட பிறகு ஒன்று. என் மேல் இருக்கிற கோபத்தை மாத்திரையில் காட்டாதே.

இனி விஷயம். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

ஆனி மாதம் கம்பெனி பிரஸ் மெஷினில் என் இரண்டு விரல் மாட்டியது. கை மறுபடி அசைந்தால், நாமம் போட்ட சொம்போடு ஏழு வீட்டில் அரிசி வாங்கிப் பொங்கிப் பெருமாளுக்குத் தளிகை போடுவதாக நீ வேண்டிக்கொண்டாய். நரம்பைத் தைத்தது டாக்டர், பெருமாள் இல்லை என்றேன். ஒரு மூட்டை அரிசியே வாங்கித் தருகிறேன், இந்த வயதில் வாசல் வாசலாக நிற்காதே என்றும் சொன்னேன். நம் தெருவிலாவது கேளுங்களேன் என்றாள் அம்மா. "தெரிஞ்சவங்க போட்டா அது மொய். தெரியாதவங்க வாசல்ல நின்னு வாங்கினாதான் வேண்டுதல்" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் சனிக்கிழமை காலையில் ஷேர் ஆட்டோ ஏறிப் பெரிய காஞ்சிபுரம் போனாய்.

அதே காலையில் நான் தேவிப்ரியா வீட்டில் இருந்தேன். ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். வீடு எந்தத் தெரு என்று சொல்லவில்லை. அவள் அப்பாவுக்குப் பட்டுக்கடை. முதல் தடவையாக என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார். நானும் நம் நிலம், என் சம்பளம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாசலில் கோவிந்தா என்று உன் குரல் கேட்டது.

நெற்றியில் நாமம், சாயம் போன மஞ்சள் புடவை, வெறுங்கால். என்னைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்தது. ஏதோ சொல்ல வந்தாய். அவர் அதைக் கவனித்துவிட்டு, தெரிஞ்சவங்களா என்று கேட்டார்.

"இல்ல சார், யாருன்னு தெரியல" என்றேன்.

மூன்று விநாடி இருக்கும். மெஷின் நின்றுபோனால் எங்கே தப்பு என்று ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடுவேன். இதில் பிடிக்க ஒன்றுமில்லை. உன்னைப் பார்த்து வெட்கப்பட்டேன், அவ்வளவுதான். என் கைக்காக நின்றவளைப் பார்த்து.

நீ சீக்கிரம் போய்விட வேண்டும் என்று பத்து ரூபாயை எடுத்து நீட்டினேன். அதுவும் இந்தக் கையால். "காசு வாணாம் சார், ஒரு பிடி அரிசி போடச் சொல்லுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னாய். சார் என்றாய் ஆயா. தேவிப்ரியா உள்ளேயிருந்து அரிசி கொண்டுவந்து போட்டாள். எல்லாரும் நல்லா இருங்க என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாய்.

மத்தியானம் தளிகைக்கு சித்தப்பா குடும்பம், பெரியம்மா குடும்பம் எல்லோரும் வந்திருந்தார்கள். எனக்கும் இலை போட்டாய். சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் தரம் கேட்காமலே வைத்தாய். திட்டியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு தென்னேரிக்கு, அத்தை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய். கடைசிச் சனிக்கிழமைக்கு வருஷா வருஷம் எல்லோரும் போகிற இடம்தானே, முன்னாடியே போகிறாய் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

போனில் அத்தை ஒன்று சொன்னாள். ஏழும் தெரியாத வீடுதானா என்று உன்னைக் கேட்டாளாம். நீ ஏரியைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம்மா, ஏழாவது வீட்லயும் தெரிஞ்சவங்க யாரும் இல்ல" என்றாயாம். வேண்டுதல் குறையில்லாமல் முடிந்ததென்று அத்தைக்குச் சந்தோஷம். நான் போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை தேவிப்ரியா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவள் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தம்மாவை உள்ளே கூப்பிட்டு ஒரு டம்ளர் மோர் கொடுத்திருப்பேனே தம்பி என்றார். கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அரிசி போட்டபோது நீ தேவிப்ரியாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாயாம். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது என்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். இன்னும் என்னிடம் பேசவில்லை.

அம்மாவிடமும் சொன்னேன். உன் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து என் எதிரில் வைத்தாள்.

பெருமாளை நான் இன்னும் நம்பவில்லை. உன்னைச் சமாதானம் செய்வதற்காக அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வருகிற கடைசிச் சனிக்கிழமை எல்லோரோடும் வேனில் வர மாட்டேன். சொம்புக்கு நாமம் போட்டுப் பழகுகிறேன், கோணலாகத்தான் வருகிறது. ஏரிக்கரையில் இறங்கி ஆறு வீடு கேட்டுக்கொண்டு நடந்து வருவேன். நான்தான் அங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது, யாருக்கும் அடையாளம் தெரியாது. ஏழாவதாக அத்தை வீட்டு வாசலில் நிற்பேன். அக்கம்பக்கத்தார் யாராவது, யாரு இந்தப் பையன் என்று உன்னைக் கேட்பார்கள்.

என்ன சொல்வது என்பது உன் இஷ்டம். தெரியாது என்றாலும் நியாயம்தான், நின்று கேட்டுக்கொள்கிறேன். அரிசியை மட்டும் வேறு யாரையும் போடவிடாதே. ஒரு பிடி உன் கையால் போடு ஆயா.

இப்படிக்கு,
குரு