செருப்பு மாட்டும்போது சொன்னது

மார்ச் 2, ஞாயிறு
மாசத்தின் முதல் ஞாயிறு, சர்ச்சில் திருவிருந்து. திருவிருந்து நாளில் சர்ச்சுக்குக் கிளம்புமுன் பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போ என்று கலியாணத்தன்று அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெட்கம். மாசாமாசம் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டே முனகிவிடுவேன். தனமும் "சரி சரி, வாங்க" என்பாள். இன்றும் அப்படியே.

புதன்கிழமை லெந்து ஆரம்பம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. "கறியை விடறது இருக்கட்டும், வீட்ல கத்தறதை விடுங்க" என்றார் போதகர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ரமணாசிரமம் வாசலில் ஆட்டோவுக்குச் சவாரி பிடிக்கும்போது "கம் மேடம், ஸ்லோ கோயிங் மேடம்" என்று தேனாகப் பேசுகிற வாய், வீட்டில் தனத்தைக் கூப்பிட்டால் தெருக்கோடி நாய் எழுந்து நிற்கும். ஈஸ்டர் வரை சாந்தமாகப் பேசுவதாகக் கர்த்தரிடம் பொருத்தனை. அவளிடம் சொல்லவில்லை. தோற்றால் சிரிப்பாள்.

மார்ச் 9
சமையலறை வாசலில் நின்று மெதுவாக, "தனம், காபி கிடைக்குமா?" என்றேன். திரும்பவே இல்லை. சாந்தகுணத்துக்கு இந்த வீட்டில் மரியாதை அவ்வளவுதான். நானே போட்டேன். கசப்பு.

மார்ச் 13
பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் போலீஸ்காரர்கள் ஆட்டோவை எங்கெங்கோ சுற்றவிட்டார்கள். அலுத்து வந்தும் கத்தவில்லை.

மார்ச் 22
தனம் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்னவென்று கேட்டேன், மெதுவாகத்தான். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ரோஷம் இருக்காதா?

மார்ச் 27
சென்னையிலிருந்து மகள் எழிலரசி போன். "என்னப்பா செய்றீங்க? அம்மா அழுவுறாங்க. அப்பா என்கிட்ட பேசறதையே நிறுத்திட்டாரு, நான் என்ன தப்பு செஞ்சேன்னு கேக்கறாங்க."

"நானா பேசல?" என்றேன்.

"அம்மாவுக்குக் காது கேக்கலப்பா. ரொம்ப நாளாவே. போன்ல நானே கத்தித்தான் பேசறேன். உங்ககிட்ட மட்டும் மறைச்சிட்டாங்க."

ஆக, நான் கத்தினது மட்டும்தான் அவளுக்குக் கேட்டிருக்கு. கர்த்தரே—

ஏப்ரல் 1
டாக்டர் பார்த்தார். காது நரம்பு பழுதாம். வலது காது போயே போச்சு. இடது இன்னும் கம்மியாகத்தான் ஆகுமாம். காதில் வைக்கிற மிஷின் கொஞ்ச காலத்துக்கு உதவும்.

திரும்பும்போது பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு என்ன பேசுவது? வேங்கிக்கால் பக்கம் ஓரங்கட்டி நானும் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

"அப்போ யாரு ஓட்டறது?" என்றாள்.

"ஏன் தனம் என்கிட்ட சொல்லல?"

உதட்டையே பார்த்தாள். "சொன்னா இன்னும் ஜாஸ்தியா கத்துவீங்க."

ஏப்ரல் 6, ஞாயிறு
திருவிருந்து. செருப்பை ஓரமாக விட்டுவிட்டு அவள் முகத்துக்கு நேராக நின்றேன். இடது காதுப் பக்கமாக, நிதானமாகச் சொன்னேன்: "என்னை மன்னிச்சுடு தனம்."

ஓரமாகக் கிடந்த செருப்பைப் பார்த்தாள்.

"மாசாமாசம் செருப்பு மாட்டும்போது இதையா சொல்லிக்கினு இருந்தீங்க?"

"ஆமா."

"நேரமாச்சுன்னு திட்டறீங்கன்னு இல்ல நெனச்சேன்."

சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது. "இன்னொரு தபா சொல்லுங்க."

சொன்னேன். அதற்குள் சர்ச் மணி அடித்தது. மணிச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. நேரமாச்சு என்று நானும் சொல்லவில்லை.