தீக

திருப்பதி,
3.11.2024

அன்புள்ள நைனாவுக்கு,

தரணி எழுதுவது. ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். போன் எடுக்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள், எழுதினால்தான் சொல்ல முடிகிறது. என் அறைத்தோழி அகிலா துவைத்துப் போட்ட சுடிதார் இன்னும் கொடியில் காய்கிறது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

பிச்சாட்டூர் ஏரிக்காட்டு மரங்களை மூடிய ஊதாப்பூக் கொடியைப் பிடுங்க எங்கள் வகுப்பு வந்தபோது அவளை நான்தான் கூட்டி வந்தேன். கொடிக்குள் நீங்கள் பன்றிக்குக் கட்டிய கம்பி இருந்தது. விடிந்த பிறகும் அதில் ஏன் கரண்ட் இருந்தது, நைனா? பதினொன்றாம் தேதி போலீஸ் என்னை விசாரிக்கிறது.

உங்கள் அன்பு மகள்,
தரணி

பிச்சாட்டூர்,
6.11.2024

தரணிம்மாவுக்கு நைனா எழுதறது.

வேளைக்குத் துன்றியா? உங்கம்மா அழுதுக்கினே கெடக்கறா. வேர்க்கடலைய பன்னி தோண்டிக்கினு போவுதுன்னுதான் கட்டினேன். காலைல ஸ்விட்ச்ச அணைக்க மறந்துட்டேன்மா. நெனப்பு வந்ததும் ஓடியாந்தேன். உங்க ஹேமநாத் சாருக்குத் தமிழ் வராதேன்னு தெலுங்குல “தீக, தீக”ன்னு கத்தினேன். யாரும் கேக்கல.

கம்பிய சுருட்டி ஏரில போட்டுட்டேன். யாரு கட்டினதுன்னு தெரியாதுன்னு மட்டும் சொல்லு. நம்ம வீட்ல காலேஜ் படிக்கறவ நீ ஒருத்தி, நீ சொன்னா நம்புவாங்க. இத கிழிச்சிடு.

நைனா சடகோபன்

திருப்பதி,
11.11.2024

நைனாவுக்கு,

நீங்கள் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. தெலுங்கில் கம்பியும் தீக, கொடியும் தீக. அன்று காலை சார், “நான் ‘தீக’ என்றால் எல்லோரும் இழுங்கள்” என்று சொல்லிவைத்திருந்தார்.

அகிலா சிரித்தாள். “என்னடி, உங்க நைனாவும் கொடி புடுங்க வந்துட்டாரா?”

நான் உங்களைப் பார்த்தேன். செருப்பில்லை, சட்டையில்லை, லுங்கி அவிழ அவிழ ஓடி வந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ ஆபத்து என்று தெரிந்தது. ஆனால் வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. நீங்கள் அங்கிருந்து போனால் போதும் என்றிருந்தது. “ஆமாண்டி, இழு” என்றேன். முதலில் பிடித்தவள் அவள்தான்.

இன்று போலீஸிடம் இரண்டையும் சொல்லிவிட்டேன். கம்பி யாருடையது, இழு என்றது யார் என்று. அவர்கள் முதலாவதை மட்டும்தான் எழுதிக்கொண்டார்கள்.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அவர்களிடம் கொடுத்துவிட்டேன்.

இது வந்து சேருவதற்குள் உங்களைக் கூட்டிப் போயிருப்பார்கள். அம்மா படித்துவிட்டு உங்களைப் பார்க்க வரும்போது சொல்லட்டும். அங்கே போகும்போது சட்டை போட்டுக்கொண்டு போனீர்களா, நைனா?

தரணி