ஒருமுறை மட்டும் நிரம்பும் எலிமென்ட்

மச்சான்,

இன்று காலை களப்புப் பக்கமிருந்து மழை வாடை வந்தது. உப்பு ஏற்றிய லொறிகள் தராசடியில் நின்றன. நிறை விவரம் கொழும்புக்கு ஒழுங்காகப் போயிருந்தது. புத்தளம் அலுவலகத்துக்குப் போனதோ வெறும் எலிமென்ட், பெயர் மட்டும் ஒட்டிய வெற்றுப் பெட்டி மாதிரி. அவர்கள் சம்மதிக்காமல் லொறி நகராது. தறப்பாள் கட்டினாலும் பெருமழைக்குத் தாங்காது. என்னைக் கூப்பிட்டார்கள். திரையைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது, இது நீ செய்துவைத்த வேலை.

நிறை விவரம் அனுப்பும் இந்தப் புரோகிராமை நாம் இருவரும் ஜாவா மொழியில் எழுதியபோது தராசடியில் இருந்தது ஒரு கிழட்டுக் கணினி. எல்லா லொறியின் நிறையையும் அனுப்புவதற்கான எக்ஸ்எம்எல் கோப்பாக்கி முடிக்குமுன்பே நினைவகம் நிரம்பி நின்றுவிடும். நீதான் வழி கண்டாய். வெளியே பார்த்தால் மற்றவற்றைப் போலவே ஒரு எலிமென்ட். பெயர் உண்டு, இடம் உண்டு. உள்ளே எழுத்தே கிடையாது. பின்னால் ஒரு ஜாவா ஒப்ஜெக்ட் சும்மா இருக்கும். அனுப்பும் நேரத்தில் அது தராசின் கணக்கை வாசித்து நேராக எழுதிவிடும்.

“உள்ளுக்கு ஒண்டுமில்லாதத்த ஏன்டா அனுப்புற?” என்று கத்தினேன்.

“கேக்கக்குள்ள நிரம்பும் மச்சான். ஆனா ஒருக்காத்தான். திருப்பிக் கேட்டா ஒண்டும் வராது,” என்றாய், வாய் நிறையப் பாணோடு. அப்போது கேட்டது கொழும்பு மட்டும். இன்றுதான் முதல்முறையாகப் புத்தளமும் ஒரு பிரதி கேட்டது.

இப்போதுள்ள கணினி புதிது. உன் ஒப்ஜெக்டை எடுத்துவிட்டு, அன்று நான் சண்டைபிடித்தபடி முன்கூட்டியே எழுத்தாகப் போட்டால் தீர்ந்தது. கை வரவில்லை. எத்தாளையிலிருந்து உன் மனைவி ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிய ஃபோன் எடுத்து ஒன்றையே கேட்பாள். “நானா, அவர் செஞ்சது இன்னம் ஓடுதா?” நீ மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு உன்னைப் பற்றி விசாரிக்க அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? உன்னுடையதை விட்டுவைத்தே எப்படியாவது சமாளிக்கலாமா என்று பார்த்தேன். தூறத் தொடங்கிவிட்டது.

அழித்தேன். இரண்டு இடத்துக்கும் விவரம் போனது, லொறிகள் புறப்பட்டன. எல்லாரும் நன்றி சொன்னார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

இன்று வெள்ளி. ஃபோன் வந்தது. அதே கேள்வி.

“ஓம் தங்கச்சி, ஓடுது,” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள்.

அடுத்த வெள்ளியும் கேட்பாள் மச்சான். நான் இதையேதான் சொல்வேன்.