முட்டிக்குப் போன புள்ளிகள்

இன்று காலை என் திரையில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்தாள். நாற்காலியிலும் இல்லை, சோபாவிலும் இல்லை. வெறும் தரையில், இரண்டு முட்டியையும் மடக்கி, பாதம் முழுதும் தரையில் படிய, நம் ஊரில் உட்காருவது போல. நாம் பொம்மைகளுக்குத் துணி செய்து அனுப்புகிற அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுத் தளத்தில் புதிதாக விட்டிருக்கும் அசைவுகளில் அதுவும் ஒன்று. இதுவரை அந்தப் பொம்மைகளுக்கு நடக்க, ஓட, குதிக்க, ஆட, சாய்ந்து உட்காரத் தெரியும். குந்த மட்டும் தெரியாது.

ஏழெட்டு முறை ஓட விட்டுப் பார்த்தேன். பிறகு கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து, நீல வலைக்கயிறு கட்டிய உன் பென் டிரைவை எடுத்தேன்.

உன் அம்மா அதை என்னிடம் கொடுத்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. "ஆஸ்பத்திரிக்குப் போவசொல்ல சொல்லிச்சிம்மா, கெடாரு வந்தா இத்தக் குடுன்னு" என்றார். நீ போய்ச் சேர்ந்து இரண்டாம் நாள்தான் எனக்குச் செய்தி வந்தது. உங்கள் குப்பத்துக்கு நான் வந்தபோது வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் காய்ச்சல் என்றார்கள். அந்த டிரைவை நான் சொருகியே பார்க்கவில்லை. அதற்குள் எனக்கான ஒரு திட்டு இருக்கும் என்று நினைத்தேன். அந்தத் திட்டுக்கு நான் உரியவள்தான்.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி, ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, அதுவும் சார் இருக்கும்போது மட்டும். எங்கள் தெருவிலேயே டிகிரி முடித்த முதல் ஆள் நான். அந்த டிகிரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் விழுப்புரத்தில் பஸ் ஏறி வந்திருந்தேன். நீ மரக்காணம் பஸ்ஸில் வந்தாய். பெயரைக் கேட்பதற்கு முன் ஊரைக் கேட்டாய். "கெடாரு" என்றேன். கடைசிவரை அதுதான் எனக்குப் பெயர்.

முதல் வாரம் சார் நமக்கு ஒரு சட்டையைக் காட்டினார். பொம்மைக்குள் எலும்புகள் இருக்கின்றன. சட்டை என்பது புள்ளிகள், புள்ளிகளை இணைக்கும் கோடுகள், அதன் மேல் ஒட்டிய படம். ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த எலும்போடு எவ்வளவு நகர வேண்டும் என்று வண்ணம் பூசிச் சொல்ல வேண்டும். சிவப்பு பூசினால் எலும்போடு முழுதாகப் போகும். நீலம் பூசினால் அசையாமல் நிற்கும். மடங்குகிற இடத்தில் புள்ளி குறைந்தால் துணி கிழியும். ஆனால் ஒரு துணிக்கு இத்தனை புள்ளிதான் என்று அளவு உண்டு. தாண்டினால் தளத்தில் ஏற்க மாட்டார்கள்.

நீ திரையருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "வலைதான சார் இது. எங்கப்பாகிட்ட குட்தா ஒரே நாளுல முட்சிடுவாரு" என்றாய்.

"உங்கப்பாவுக்கு மவுஸ் புடிக்க வருமா?"

"நண்டே புடிக்கறாரு சார்."

அறை முழுக்கச் சிரித்தது. நான் சிரிப்பை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அன்று மதியமே நீ கேமராவைச் சட்டைக்குள் நுழைத்தாய். உள்ளே போனதும் சட்டை காணாமல் போய்விட்டது. வெளியே வந்தால் இருக்கிறது. உள்ளே போனால் இல்லை. "ஏய் கெடாரு, இந்தத் துணிக்கு உள்பக்கமே இல்லடி" என்றாய். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அரை மணி நேரம் உள்ளே வெளியே என்று போய்வந்து கொண்டிருந்தோம்.

மூன்று மாதப் பழகுநர் காலம். அதன் முடிவில் நாமே சொந்தமாக ஒரு உடை செய்ய வேண்டும். இருவரும் சேர்ந்தே செய்யலாம். அது தளத்தில் ஏற்கப்பட்டால் இரண்டு பேருக்கும் வேலை நிரந்தரம். ஏற்கப்படாவிட்டால் என்ன என்று சார் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

பாவாடை தாவணி செய்யலாம் என்றாய் நீ. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா குந்தி உட்காருவதை அன்றுதான் வேலைக்கண்ணால் பார்த்தேன். திங்கட்கிழமை உன்னிடம் சொன்னேன். அந்த அலுவலகத்தில் நானாக வாயைத் திறந்து சொன்ன முதல் பெரிய விஷயம் அதுதான்.

"எங்கம்மா குந்தறதுக்கு முன்னாடி பொடவைய முட்டிகிட்ட ஒரு புடி தூக்கி வுட்டுக்கும். அப்பதான் பின்னால இழுக்காது. நம்ம பாவாடைக்கு அந்தத் தொளதொளப்பு இல்ல. குந்துனா கிழியும்."

நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். "இத்தினி நாளா இத்தயெல்லாம் உள்ள வெச்சிக்கினா வாய மூடிக்கினு இருந்தே?"

பிறகு நாம் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. குந்துகிற அசைவு தளத்திலேயே கிடையாது. அதனால் பொம்மையின் இடுப்பையும் முட்டியையும் கணுக்காலையும் நாமே கையால் மடக்கினோம். கோணம் சரியா என்று தெரியவில்லை. நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு இரண்டு மேசைக்கு நடுவே குந்தினாய். நான் உன் முட்டி அருகே ஸ்கேலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சார் கதவைத் திறந்தார்.

"இன்னாம்மா இது, ஆபீஸா கொல்லையா?"

"டெஸ்டிங் சார்" என்றாய், எழுந்திருக்காமலே.

பத்து நாள். அம்மாவின் அந்த ஒரு பிடியை நாம் பாவாடைக்குள் மடிப்பாக வைத்துவிட்டோம். நின்றால் தெரியாது, குந்தினால் விரியும். அதற்குப் புள்ளிகள் நிறையத் தேவைப்பட்டன. இருந்ததில் பெரும்பகுதியை முட்டிக்கே கொடுத்துவிட்டு, மீதியில் ரவிக்கையை முடித்தோம். அக்குளில் நாலைந்து புள்ளிதான் மிஞ்சியது. கை கீழே தொங்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அங்கே இருக்கிற பொம்மைகள் ஒருநாளும் குந்துவதில்லை. ஆனால் இரண்டு கையையும் மேலே தூக்கி ஆடும். வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே ஆட்டத்தைத்தான். அதை நாம் ஓட விட்டுப் பார்க்கவே இல்லை. துணி கிழிகிற இடம் என்றால் நம் இருவருக்கும் முட்டிதான் தெரியும். நம் வீட்டில் எந்தப் பெண் இரண்டு கையையும் தூக்கி ஆடினாள்?

தளத்தில் ஏற்காமல் திரும்பி வந்த உடையோடு ஒரு படமும் வந்தது. பொம்மை கையைத் தூக்கியிருக்கிறது. அக்குளில் பெரிய ஓட்டை. புள்ளிக் கணக்கு ஏறக்கூடாதென்று ரவிக்கைக்குள் இருந்த உடம்பை அழித்திருந்தோம் இல்லையா, அதனால் ஓட்டைக்குள் தோல்கூட இல்லை. பின்னால் இருந்த வானம் தெரிந்தது.

சார் இருவரையும் கூப்பிட்டார். கோபமாக இல்லை, களைத்துப்போய் இருந்தார். இரண்டு பேரை வைத்துக்கொள்ள இனி முடியாது, ஒருவர்தான் என்றார். பிறகு கேட்டார், "யாரும்மா முட்டிக்கு அவ்ளோ புள்ளி போட்டது?"

யோசனை என்னுடையது. அதைச் சொல்ல மூன்று சொல் போதும். நான் கீபோர்டில் ஒரு எழுத்து தேய்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார்" என்றாய் நீ.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். உன் பஸ் வந்தபிறகுதான் சொன்னாய். "நீ பேசுவேன்னு கொஞ்ச நேரம் பாத்தேன். பேசல. சரி வுடு. நீ திரும்பிப் போனா மல்லாட்டைதான் ஆய்வே. நான் எங்கனா பொழைச்சிக்குவேன்." படியில் ஏறிவிட்டுத் திரும்பினாய். "ஆனா கெடாரு, முட்டி ஐடியா நல்ல ஐடியாடி."

நீ புதுச்சேரியில் ரெடிமேட் துணிக் கம்பெனிக்குப் போனாய். பொங்கலுக்குப் போனில் பேசினால் நிஜச் சட்டைகளின் கதை சொல்வாய். "இதுக்கு உள்பக்கம் இருக்குதுடி" என்று சிரிப்பாய். அந்த நாளைப் பற்றி நீ பேச்செடுக்கவில்லை. நான் எடுத்திருக்க வேண்டும்.

இன்று காலை டிரைவைச் சொருகினேன். திட்டு எதுவும் இல்லை. உன் தம்பியின் பள்ளிக்கூடப் படங்கள், ஒரு ரேஷன் கார்டு ஸ்கேன். அப்புறம் பாவாடை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுப் பதினான்கு பாவாடைகள். நாம் முடித்தது நான்காவது. தேதிகளைப் பார்த்தால், மீதிப் பத்தையும் வேலையை விட்டுப் போனபிறகு, உன் அண்ணன் வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் செய்திருக்கிறாய்.

பதினான்காவதைத் திறந்து புள்ளிகளை எண்ண வைத்தேன். அளவுக்குள் இருந்தது. முட்டியில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. அக்குளிலோ நெருக்கமாக, வலைக்கண் போல, இரண்டு மடங்கு புள்ளிகள். இவ்வளவும் எங்கிருந்து வந்தன என்று எனக்குப் புரியவில்லை. துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு தாவணியை மட்டும் மறைத்தேன். அதற்குக் கீழே, இடது பக்கம் முழுக்க, ரவிக்கையும் பாவாடை மேல்பகுதியும் மொட்டையாக, நாலு பெரிய கட்டமாகக் கிடந்தன. தாவணி மூடுகிற இடத்துக்கு எதற்குப் புள்ளி? நாம் அங்கேயும் மடிப்பு மடிப்பாகச் செய்து வைத்திருந்தோம். உனக்கு அது எந்தப் பாவாடையில் தெரிந்தது, ஒன்பதிலா, பதினொன்றிலா? தெரிந்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள், யாரிடம் சொன்னாய்?

பொம்மைக்கு அணிவித்தேன். கையைத் தூக்கி ஆடினாள், ஒன்றும் ஆகவில்லை. குந்தச் சொன்னேன். முட்டிக்குப் பின்னால் மடிப்பு விரிந்தது. அம்மா ஒரு பிடி தூக்கி விட்டுக்கொண்டு உட்காருவது போலவே உட்கார்ந்தாள்.

மதியம் சாரிடம் காட்டினேன். இரண்டு முறை ஓட விட்டுப் பார்த்தார். "அனுப்பலாம்மா. யார் பேரு போடறே?"

உன் பெயரைச் சொன்னேன்.

"அந்த மரக்காணத்துப் பொண்ணா? முட்டிக்குப் புள்ளி போட்டு மாட்டிக்கிச்சே."

"முட்டி என்னோட யோசனை சார். அன்னிக்கு நான் சொல்லல. பழிய அது ஏத்துக்கிச்சி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏசியப் போட்டுக்கோம்மா, வெக்கையா இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். செய்தவர் என்கிற கட்டத்தில் உன் பெயரை அடித்து அனுப்பிவிட்டேன். ஏற்பார்களா என்று தெரிய ஒரு வாரம் ஆகும்.

அதற்கடுத்து வந்த வேலை ஒரு பனிக்கோட்டு. பனி கொட்டுகிற ஏதோ ஊர்க்காரர் கேட்டது. கையைத் தூக்க வைத்தேன், தாங்கியது. நடக்க வைத்தேன், தாங்கியது. குந்த வைத்தேன். முதுகுக்குக் கீழே கிழிந்தது. அவர் இதைக் கேட்கவில்லை, பார்க்கவும் மாட்டார். பனியிலும் யாராவது கீழே விழுந்ததை எடுக்கக் குந்துவார்கள் இல்லையா? கோட்டின் காலருக்குக் கீழே, கம்பளித் துண்டு மறைக்கிற இடத்தில் தேடினேன். முப்பது புள்ளி சும்மா இருந்தது. எடுத்துக் கீழே கொண்டுவந்துகொண்டிருக்கிறேன்.