கழுவாத காலும் எல்லைக் கல்லும்

வரதராஜன்பேட்டை
21.4.2003

அன்பு மகள் அனிதாவுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். டெல்லியில் நீயும் சுகமாயிருக்க ஆண்டவரும் மாதாவும் காவலிருக்கட்டும். முதலில் ஒன்றை எழுதிவிட்டு மற்றதற்கு வருகிறேன். உன் சித்தப்பன் அடைக்கலம் செய்தது அநியாயம். உன் அம்மாவோடு நான் திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில், நம் முந்திரிக் காட்டின் எல்லைக் கல்லைப் பிடுங்கி நம் பக்கம் தள்ளி நட்டு, நடுவில் அகப்பட்ட ஐந்து மரத்தையும் தன் மரம் என்று ஆக்கிக்கொண்டான். அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டுக் காட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன். அன்றைக்கும் அது அநியாயம், இன்றைக்கும் அநியாயம். இனி இந்தக் கடிதத்தில் என்ன எழுதினாலும் இந்த வரியை நான் அடிக்க மாட்டேன்.

சித்தப்பா வராத கல்யாணம் எனக்கு வேண்டாம், டெல்லிக் கோயிலிலேயே தாலி கட்டிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். படித்த அன்று சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு முத்தாயியிடம் சொன்னால் அவளும், "அவன் தோள்ல வளந்த புள்ளதானே, கேக்குறது நாயந்தான்" என்றாள். "நீ ஒன் வேலயப் பாரு" என்று அனுப்பிவிட்டேன். ஆனால் மனது அடங்கவில்லை. அம்மா போனதிலிருந்தே அப்படித்தான். நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை, எழுத்துக் கூட்டி நானாகவே வேதாகமம் படித்தவன். அதனால் பொய்யாகச் செபிக்கத் தெரியாது. பரலோக மந்திரத்தில் தீமை செய்தவர்களைப் பொறுக்கிற வரி வரும்போது வாயை மூடிக்கொள்வேன், அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன். கோயிலில் பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும், அவரும் எனக்குத் தூக்கம் கொடுக்கவில்லை.

இந்தப் பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்குக்குச் சாமியார் குறித்த பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். உனக்குத் தெரியும், சாமியார் கழுவப் போகிறார் என்பதற்காகவே நாங்கள் வீட்டில் காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டுதான் போவோம். பன்னிரண்டு பேரில் ராசாங்கத்துக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் கோயில் உபதேசியார் காட்டிலிருந்து வந்துகொண்டிருந்த அடைக்கலத்தை இழுத்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். எழுந்து போயிருப்பேன், நற்கருணை நாளாயிற்றே என்று இருந்தேன். அவன் காலெல்லாம் செம்மண்ணும் முந்திரிப்பழக் கறையும். நாற்காலிக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டான். சாமியார் தண்ணீர் ஊற்றினார், மண் கரைந்தது, கறை போகவில்லை. பின்னாலிருந்து யாரோ, "ஏரித் தண்ணி கொண்டாந்தாலும் அந்தக் காலுக்குப் பத்தாதுடோய்" என்றான். கோயிலே சிரித்தது. சாமியார் வழக்கப்படி பாதத்தில் முத்தமிடக் குனியவும் அவன் காலை வெடுக்கென்று இழுத்து, "வேணாம் சாமி, வேணாம்" என்று அழாத குறையாகச் சொன்னான். எனக்கு என்ன தோன்றியதோ, குனிந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு என் துண்டால் அழுத்தித் தேய்த்தேன். "அண்ணே வுடுண்ணே, நீ தொடாத" என்றான். "ஆட்டாம இருடா" என்றேன். அம்மா இறந்த பிறகு நாங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அன்று பரலோக மந்திரத்தில் அந்த வரி வந்தது. வாயை மூடவில்லை. சத்தமாகவும் சொல்லவில்லை, ஆனால் சொன்னேன். வீட்டுக்கு வந்து படுத்தவன் விடிந்துதான் எழுந்தேன். அவன் இன்னும் கல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்த பிறகுதான் எனக்குச் சமாதானம் வரும் என்று நினைத்திருந்தேன். அதற்கு முன்பே வந்துவிட்டது, அதை அவன் தரவில்லை. ஆனாலும் அநியாயமாய் எடுத்ததை நாலு மடங்காகத் திருப்பித் தந்த சக்கேயுவும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறான், அந்தப் பக்கத்தையும் நான் கிழிக்கவில்லை. நாலு மடங்கு வேண்டாம், இருந்த இடத்தில் கல் இருந்தால் போதும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆண்டவர் ஆசீர் நிறைவாய் இருக்கட்டும். மனது கலங்கினால் நீளமாகச் செபிக்காதே, உண்மையாகச் செபி. இனி ஆக வேண்டியது இதுதான். கல்லை அடைக்கலம் தன் கையால் பிடுங்கிப் பழைய இடத்தில் நட வேண்டும். நட்டாலும் நடாவிட்டாலும் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே அவன் பெயரை நான் போட வேண்டும், அச்சகத்தில் சொல்லிவிட்டேன். மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கச் சாமியாரிடம் உபதேசியார் சொல்ல வேண்டும். நீ மே மாதம் லீவு எழுதிக் கொடுத்து ஊருக்கு வர வேண்டும், டெல்லிக் கோயில் பேச்சை விட வேண்டும். அதற்கு முன் சித்தப்பனுக்கு நீயே போன் பண்ணி அழைக்க வேண்டும். அப்பாதான் சொன்னார் என்று சொல்ல வேண்டாம். கல்யாணத்துக்காவது காலைக் கழுவிவிட்டு வரச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
இராயப்பன்