தொழுகைக் குடத்துத் தண்ணீர்

ராத்தா, மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது. என் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல் கருகிக் கிடக்கிறது. இன்று காலை சன்னலைத் திறந்ததும் காய்ந்த மண்வாசம் வந்தது. உடனே உங்கள் ஞாபகம். பூமி இப்படியே சூடேறிக்கொண்டு போனால் மனிதர் பிழைப்பதே கஷ்டம் என்று பேத்தி எதையோ படித்துவிட்டுப் பயமுறுத்துகிறாள். பக்கத்தில் நீங்கள் இருந்தால் இவ்வளவு பயப்பட மாட்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்திலும் வானம் இப்படித்தான் பொய்த்தது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் நம் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு, ஒரே குழாய். அதிலும் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவ நீங்கள் ஒரு குடம் தனியாக மூடி வைத்திருப்பீர்கள். அதை யாரும் தொட மாட்டோம்.

என் மகனுக்கு அப்போது அம்மை இறங்கியிருந்தது. மறுநாள் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்குள் வீடு சுத்தமாக வேண்டுமே, என் பக்தி சும்மா இருக்குமா? இருந்த தண்ணீர் முழுவதிலும் மஞ்சளைக் கரைத்து வாசல்வரை கழுவிவிட்டேன். காலையில் குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. தண்ணீர் விடும் நாளை மாற்றி எண்ணியிருக்கிறேன். அம்மனுக்குக் குறை வைத்துவிட்டேனே, பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று வேப்பிலையும் கையுமாக நின்றேன்.

வீட்டில் மிச்சம் இருந்தது உங்கள் குடம் ஒன்றுதான். அதை இடுப்பில் தூக்கிவந்து என் முன்னால் வைத்தீர்கள்.

“ஐயோ, இது உங்க தொழுகைத் தண்ணி, ராத்தா.”

“தண்ணி இல்லாட்டி மண்ணைத் தொட்டுத் தொழலாம், தங்கச்சி. புள்ளைய மண்ணுல குளிப்பாட்ட முடியுமா? ஊத்து லா.”

நண்பகலில் கொல்லைப்பக்கம் வந்தேன். தரையில் உள்ளங்கையைத் தட்டி முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டிருந்தீர்கள். நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு நீங்கள் தோ பாயோ அடுக்குமாடிக்குக் குடிபோனீர்கள். உங்களைக் கடைசியாகப் பார்த்ததும் அங்கேதான். அடக்கத்துக்கு முன் உங்களைக் குளிப்பாட்ட உங்கள் பெண்மக்கள் உள்ளே போனார்கள். நானும் என் மகனும் வெளியே நின்றோம். மூடிய கதவுக்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு குவளை நானும் ஊற்றட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கேட்டிருந்தால் விட்டிருப்பார்களோ, என்னவோ. ஊற்றாமல் வந்த அந்த ஒரு குவளையைத்தான் இன்னும் கையில் வைத்திருக்கிறேன், ராத்தா.