மூச்சு வாங்காமல் வருகிறவன்

அன்புள்ள வாலுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. இங்கே உன் அம்மா சுகம், அவளுடைய கோபமும் சுகம், பால்கனித் தொட்டியில் நீ நட்டுவிட்டுப் போன ரோஜாகூட ஒரு மொட்டு விட்டிருக்கிறது. நான் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறேன். அது நலமா இல்லையா என்று படித்துவிட்டு நீயே சொல். போனில் பேசாமல் எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று மூக்கைச் சுளிப்பாய். காரணம் கடைசியில் வரும், அதற்காக முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் புத்தி உண்டு.

போன வருஷம் உன் வீட்டு லிஃப்ட் பழுதாகி, ஐந்தாவது மாடிக்கு நான் ஏறிய கதை ஞாபகம் இருக்கும். மூன்றாவது மாடி அம்மாள் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, தண்ணீர் கொடுத்து, ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். மிச்ச மாடிகளுக்கு மாப்பிள்ளை பீரோவைத் தள்ளுவதுபோல என்னைப் பின்னாலிருந்து தள்ளினார். பாவம், அவருக்கு மூன்று நாள் இடுப்பு பிடித்துக்கொண்டதாகப் பிறகு சொன்னாய். அடுத்த தடவை உன் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறுவேன் என்று அன்றைக்கே சபதம் போட்டேன். கண்ணாடிக் கடை முக்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறவனுக்குச் சபதம் போட நன்றாக வரும், எழுந்து நிற்கத்தான் வராது. பக்கத்து மருந்துக்கடைக்காரிதான் வழி காட்டினாள், எங்கள் கடைக்கு எதிர் மாடியில் ஒரு உடற்பயிற்சி ஸ்டூடியோ இருக்கிறது, அவள் அங்கே போய்த்தான் பாதியானாள், மீதிப் பாதியே போதும் என்று அவள் வீட்டுக்காரர் கெஞ்சுகிறாராம். நானும் போய்ச் சேர்ந்தேன். ஒரே வகுப்பில் சேர்ந்தால் அலுத்துவிடும் என்று உன் அப்பா எல்லாவற்றிலும் சேர்ந்துவிட்டார். யோகாவில் என்னைத் தரையிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. டான்ஸ் வகுப்பில் எல்லோரும் வலது பக்கம் போகும்போது நான் இடது பக்கம் போய் ஒரு பல் டாக்டரின் காலை மிதித்தேன். நகராத சைக்கிளில் மூச்சுத் திணற மிதித்து அதே இடத்தில் இறங்கியது என் வாழ்க்கைக் கதை மாதிரியே இருந்தது.

அங்கே ஒரு பழக்கம். அவரவருக்கு ஓர் இடம், ஒரு ரப்பர் பாய். டீச்சரம்மா கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் அவளுக்குப் பெயரே விசில். வகுப்புக்கு முன்னால் அவளே எல்லாப் பாயையும் விரித்துவிடுவாள். வர முடியாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் அவர்கள் பாயைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுவாள். சேர்ந்த அன்றைக்கே என்னிடம், வரலைன்னா வரலைன்னு சொல்லிடுங்க சார், சொல்லாம மட்டும் இருந்துடாதீங்க, விரிச்ச பாய் சும்மா கிடக்கக் கூடாது என்றாள். ஏதோ ஒழுங்குக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. சில வாரத்தில் முட்டி வலி வந்தது, அதைவிடச் சோம்பல் வந்தது. வரவில்லை என்று சொன்னால் மருந்துக்கடைக்காரிக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் உன் அம்மாவுக்குத் தெரியும். அதனால் ஒருவருக்கும் சொல்லாமல், பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, கடைக்குப் பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்து டீயும் பன்னும் சாப்பிட்டேன். அங்கிருந்து பார்த்தால் ஸ்டூடியோ ஜன்னல் தெரியும். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். ஜன்னலோரத்தில், என் இடத்தில், பச்சைச் சட்டையில் ஒரு ஆளும் தூக்கினான். முதுகு வியர்த்திருந்தது. வகுப்புக்கு நான் போடும் பச்சைச் சட்டை என் பைக்குள் மடித்தபடி இருந்தது, தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவன் என் கண்ணையே நம்பாமல் கடைக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தேன். பவர் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் மருந்துக்கடைக்காரி கடை வாசலில் நின்று, என்ன சார், நேத்து பின்னிட்டீங்க, விசிலே அசந்துட்டாங்க என்றாள். நான் பல்லைக் காட்டினேன். உன் அப்பாவின் லட்சணம் கேள், அந்தப் பயம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. நமக்குப் பதிலாக ஒருத்தன் மூச்சு வாங்கினால் நல்லதுதானே என்று தினமும் பேக்கரிக்குப் போனேன். அவன் அங்கே குனிந்து நிமிர்ந்தான், நான் இங்கே பன் தின்றேன், ஆனாலும் என் இடுப்பு இளைத்து பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. காலையில் எழுந்தால் ஓடாத கால் வலித்தது. உன் அம்மாவுக்கு ஒரே பூரிப்பு, இப்பல்லாம் நீங்க குறட்டையே விடறதில்ல தெரியுமா என்றாள். நான் படுக்கையில் இருக்கிறேனா என்று பார்த்தாயா என்று கேட்க வாய்வரை வந்தது, காபியோடு விழுங்கிவிட்டேன்.

பிறகுதான் வேறு மாதிரி குறைய ஆரம்பித்தேன். என் முக்காலி இத்தனை வருஷம் நான் உட்கார்ந்தால் முனகும், இப்போது முனகுவதில்லை. வங்கியில் தானாகத் திறக்கும் கதவு எனக்குத் திறக்கவில்லை, பின்னால் இன்னொருத்தர் வந்த பிறகே திறந்தது. பேக்கரிக்காரர் என் மேஜையைத் துடைத்துவிட்டு என் மடியிலேயே நாற்காலியைக் கவிழ்க்கப் பார்த்தார், அட சார், நீங்க இருக்கறதே தெரியல என்றார். அன்று வீட்டுக்கு வந்தால் உன் அம்மா கரண்டியோடு வந்து கதவைத் திறந்து, இப்பதானே உள்ள போனீங்க, மறுபடி எப்ப வெளிய போனீங்க என்றாள். படுக்கையறையில் யாரும் இல்லை. பச்சைச் சட்டை மட்டும் கட்டிலில் ஈரமாகக் கிடந்தது.

உடனே ஸ்டூடியோவுக்கு ஓடினேன், அந்தப் படிகளிலேயே எனக்கு இரைத்தது. என் பாயைச் சுருட்டிவிடுங்கள், இனி வர மாட்டேன் என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். எந்தப் பாய் என்றாள். ஜன்னலோரம் என்றேன். அவள் சிரித்து, அது அந்தக் கண்ணாடிக் கடை சாரோடது, அவர் உள்ள இருக்காரு, சுருட்டணும்னா அவரே சொல்லணும், நீங்க அவருக்குத் தம்பியா என்றாள். பிறகு அவளாகவே, ரொம்ப வைராக்கியம் சார் அவருக்கு, அடுத்த மாசம் பொண்ணு வீட்டுக்குப் போறாராம், அஞ்சு மாடியும் மூச்சு வாங்காம ஏறப் போறாராம் என்றாள். உள்ளே விசில் ஊதும் சத்தம் கேட்டது. அதற்கு ஏற்ப என் கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம், அப்பா குரல் இளசாயிடுச்சு, பேசும்போது இரைக்கவே இல்லை என்று சொன்னாயாம். வாலு, அந்த ஞாயிறு நான் உன்னோடு பேசவில்லை. அதனால்தான் கடிதம். கோழி கிளறிய என் கையெழுத்து ஒன்றுதான் இன்னும் அவனுக்கு வரவில்லை என்று நினைக்கிறேன்.

நானும் டிக்கெட் எடுத்துவிட்டேன். இரண்டு பேரில் யார் முதலில் மேலே வந்து சேருவான் என்று உனக்கே தெரியும். கதவு தட்டும் சத்தம் கேட்டால் துவாரம் வழியாகப் பார்க்காதே, முகம் என் முகமாகத்தான் இருக்கும். கதவில் காதை வைத்துக் கேள். மூச்சு வாங்கவில்லை என்றால் திறக்காதே. வாலு என்று கூப்பிட்டாலும், நீ சின்ன வயதில் விழுந்து பல் உடைத்துக்கொண்ட கதையைச் சொன்னாலும் திறக்காதே. நான் மூன்றாவது மாடியில்தான் உட்கார்ந்திருப்பேன். அந்த அம்மாளிடம் நாற்காலியை வெளியே போட்டுவைக்கச் சொல். அவளுக்கு நான் கண்ணில் படாவிட்டாலும் போட்டுவைக்கட்டும். மாப்பிள்ளையை அனுப்பி என்னைத் தள்ளச் சொல், தள்ளும்போது கனக்கிறதா என்று அவரைக் கேள். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் அது நான்தான்.

இருவரும் நீண்ட ஆயுளோடும், தேவையான எடையோடும் நன்றாயிருங்கள். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைக்காதே, லென்ஸ் கீறும். எந்த வகுப்பில் சேர்ந்தாலும், போகாத அன்றைக்குப் போகவில்லை என்று சொல்லிவிடு.

இன்னமும் இரைத்துக்கொண்டிருக்கும்,
உன் அப்பா